செல் ஹவுஸ் வாசலில் நான் நிறுத்திய மனிதர்

என்னோடு ஆலையில் வேலை பார்த்த கிளாட்வின் போன வாரம் என் போனுக்கு ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். துறைமுகம் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஹைட்ரஜன் ஆலையில் அவன் இப்போது பயிற்சி கொடுக்கும் அதிகாரி. தண்ணீரில் மின்சாரம் செலுத்தி ஹைட்ரஜன் பிரிக்கிற ஆலை அது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைச் செய்கிற செல்லின் பாகங்களைத் தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். யாரோ படித்தவர்கள் தயாரித்துக் கொடுத்திருந்தார்கள். நேர்மின்வாய், எதிர்மின்வாய், மின்பகுளி, இடைப்படலம், இருமுனைத் தகடு என்று வரிசையாக இருந்தது. ஒன்றும் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் நானும் இதைத்தான் படித்தேன்.

நான் அவனைக் கூப்பிட்டேன். "ஏலே, பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஷிஃப்டுல ஒருத்தன்ட்ட ‘இடைப்படலத்த எடுத்துட்டு வா’ன்னு சொல்லிப் பாரு. கேன்டீனுக்குப் போயி வடை வாங்கிட்டு வந்து நிப்பான்."

அவன் சிரித்தான். "அப்ப நீங்களே எழுதிக் குடுங்கக்கா. மச்சாடோ சார் நமக்குச் சொல்லித் தந்தாவள்ல, அந்த மாதிரி."

அந்தப் பெயரைக் கேட்ட பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. "சரில, எழுதுதேன்" என்று வைத்துவிட்டேன். உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். பெயர்களை மட்டும் தனியாகப் பிரித்து எழுத என்னால் முடியவில்லை. ஒவ்வொரு பெயரையும் அவர் வாயால்தான் கேட்டிருக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். கிளாட்வின் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

எனக்கு ஊர் உடன்குடி. அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். தூத்துக்குடியில் கெமிஸ்ட்ரி படித்தேன், அங்கேயே வாழ்க்கைப்பட்டேன், அங்கேயே ஒரு காஸ்டிக் சோடா ஆலையில் வேலைக்கும் சேர்ந்தேன். நம் உப்பளத்து உப்பைக் கரைத்து, அந்தத் தண்ணீரில் மின்சாரம் விட்டால் ஒரு பக்கம் குளோரின் வரும், இன்னொரு பக்கம் காஸ்டிக்கும் ஹைட்ரஜனும் வரும். முதலில் லேபில் போட்டார்கள். பிறகு, அந்த மின்சாரம் விடுகிற செல்கள் வரிசையாக நிற்கும் செல் ஹவுஸில் அளவு எடுக்க ஆள் போதவில்லை என்று அங்கே அனுப்பினார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பழைய ஆட்களின் பின்னால் நடந்தேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். திட்டியவர்களில் முதல் ஆள் மச்சாடோ சார்.

அவர்தான் செல் ஹவுஸுக்குப் பொறுப்பு. குட்டையான மனிதர், தடித்த கண்ணாடி. சட்டையின் மேல் பட்டன் எப்போதும் திறந்திருக்கும். கழுத்தில் மாதா படம் தைத்த துணி உத்தரியம் தெரியும். அவர் தாத்தா முத்துக் குளித்தவர் என்று சொல்வார். ஆனால் இவருக்குத் தோணியில் கால் வைத்தாலே குமட்டும். அதைச் சொல்லித்தான் ஷிஃப்டில் எல்லோரும் அவரைக் கேலி செய்வோம். அவரும் கோபப்பட மாட்டார். "கடலு என்ன வேண்டாம்னுட்டு, இந்த உப்புத்தண்ணிதான் என்ன வச்சிக்கிட்டு" என்பார்.

ஆனால் பாகங்களின் பெயர் விஷயத்தில் மட்டும் கேலி செல்லாது. முதல் நாள் நான் ஒரு குழாயைக் காட்டி "சார், இதுல என்னமோ ஒழுகுது" என்றேன்.

"எதுல?"

"இதுல சார், இந்தப் பக்கம்."

"இதுன்னா எது ஏளா? பேரச் சொல்லு. எந்தச் செல்லு, எந்தப் பக்கம், எந்தச் சாமான்? நீ ‘இது’ங்க, நான் ‘அது’ங்க, நடுவுல வெடிச்சிரும்."

இப்படித்தான் எனக்குப் பாடம் ஆரம்பித்தது. இரும்புச் சட்டங்களைப் புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி நெருக்கமாக அடுக்கி நிறுத்தியிருப்பார்கள். இரண்டு ஓரத்திலும் கனமான அட்டை மாதிரி நிற்பது எண்ட் பிளேட். அந்த இரண்டையும் இழுத்து இறுக்கி வைத்திருக்கும் நீளக் கம்பிகள் டை ராடு. நடுவில் ஒவ்வொரு செல்லிலும் மின்சாரம் நுழைகிற பக்கம் ஆனோடு, வெளியேறுகிற பக்கம் கேத்தோடு. எங்களிடம் ஆனோடில் குளோரின் வந்தது. கிளாட்வினின் ஆலையில் அங்கே ஆக்சிஜன் வரும். ஹைட்ரஜனுக்கு இரண்டு இடத்திலும் கேத்தோடு பக்கம்தான். உள்ளே ஓடுகிற திரவம் எலக்ட்ரோலைட். அது இல்லாவிட்டால் மின்சாரம் நடக்காது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில், ஒரு முகம் ஆனோடாகவும் மறு முகம் கேத்தோடாகவும் நிற்பது பைபோலார் பிளேட். ஒழுகாமல் அடைத்து வைக்கிற ரப்பர் வளையம் கேஸ்கட்.

ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் இருப்பதுதான் மெம்பரேன். வெள்ளைத் தாள் மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் கனமே தெரியாது. இந்தப் பக்கத்து வாயுவை அந்தப் பக்கம் விடாமல் தடுப்பது அது ஒன்றுதான். ஹைட்ரஜன் அந்தப் பக்கம் போய்க் கலந்தால் ஆபத்து. ஹைட்ரஜன் பக்கத்து அழுத்தத்தை ஒரு துளி கூடுதலாக வைத்து, மெம்பரேன் ஆனோடில் ஒட்டி நிற்கும்படி பார்த்துக்கொள்வோம். அழுத்தம் மாறி மாறி அடித்தால் அது படபடத்துக் கிழிந்துவிடும். சார் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், தூங்குகிற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. அவர் கேட்பார், நாம் சொல்ல வேண்டும், நாம் சொன்னதை அவர் திருப்பிச் சொல்வார், ‘ஆமா சார்’ என்று நாம் முடிக்க வேண்டும். எரிச்சலாக வரும். ஒரு நாள் நான் முணுமுணுத்தேன். "கோயில்ல செபம் சொல்லுத மாதிரில்லா இருக்கு சார்."

"செபந்தான். தப்பாச் சொன்னா சாமி மன்னிக்கும். செல்லு மன்னிக்காது."

செல் ஹவுஸுக்கு ஒரு கதவு உண்டு. எந்தப் பட்டியலும் அதைப் பாகமாகச் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். கதவுக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு. ஓரத்தில் ஒரு மரப்பெட்டி. வாட்ச், சாவி, போன், சங்கிலி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மின்சாரத்தைக் கொண்டுவரும் தடித்த செம்புப் பட்டைகளுக்கு பஸ்பார் என்று பெயர். அதைச் சுற்றிக் காந்தம் பலமாக இருக்கும். இரும்புச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் அது தானாகத் திரும்பும். வாட்ச் நின்றுபோகும்.

புதிதில் என் கழுத்தில் தாலிச் சங்கிலி இருந்தது. அதையும் கழற்று என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கல்யாணமாகி வருடம்கூட ஆகவில்லை. வீட்டில் மாமியார் என்ன சொல்வார் என்று பயம் வேறு. "தாலியக் கழட்டச் சொல்லுத வேலை எனக்கு வேண்டாம் சார்" என்று கத்திவிட்டேன்.

அவர் கத்தவில்லை. தன் உத்தரியத்தை வெளியே எடுத்துக் காட்டினார். "எங்க அம்மா வெள்ளிச் சிலுவை போட்டு விட்டா. இங்க வேலைக்கு வந்த அன்னைக்குக் கழட்டுனேன். துணில போட்டுக்கிட்டேன். நீயும் மஞ்சக் கயித்துல மஞ்சக்கிழங்கக் கட்டிக்கோ. தாலி தாலிதான். தங்கம் பஸ்பார்ல பட்டா உங்க வீட்டுக்காரருக்குத்தான் நஷ்டம்."

கதவில் ஒரு பலகை மாட்டியிருந்தது. இதயத்தில் கருவி பொருத்தியவர்கள் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. காந்தம் அந்தக் கருவியைத் தடுமாற வைத்துவிடும். வெளியூரிலிருந்து யார் பார்க்க வந்தாலும், எவ்வளவு பெரிய அதிகாரியானாலும், சார் அந்தப் பலகையைக் காட்டி வாய்விட்டுக் கேட்பார். பதில் வராமல் உள்ளே விட மாட்டார்.

இப்படியே வருடங்கள் ஓடின. கிளாட்வின் சாயர்புரத்திலிருந்து ஆபரேட்டராக வந்து சேர்ந்தான். சாருக்கு ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருடம் இருந்தபோதுதான் அது நடந்தது.

ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லி மதுரைக்குப் போனார். லீவு முடிந்து வந்தார். வந்தவர் கொஞ்சம் மெலிந்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் மேல் பட்டன் போட்டிருந்தது. அத்தனை வருடத்தில் அந்தப் பட்டனைப் போட்டு நான் பார்த்ததே இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். பஸ்பாரை ஒட்டி நின்று அளவு பார்க்கிறவர், இப்போது வரிசையின் தொடக்கத்திலேயே நின்றுகொண்டு "நீ போயிப் பாத்துச் சொல்லு கனி" என்றார். வயதாகிறது, ஆபரேஷன் வேறு நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு கேஸ்கட்டைப் பார்க்கப் போனவர் பஸ்பார் பக்கம் தன்னை மறந்து நெருங்கிவிட்டார். அப்படியே கண் செருகிச் சுவரில் சாய்ந்தார். நான் ஓடிப்போய்த் தாங்கி வெளியே கூட்டிவந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தேன். காற்று வரட்டும் என்று சட்டைப் பட்டனைக் கழற்றினேன். தோள்பட்டை எலும்புக்குக் கீழே, உத்தரியக் கயிறுக்குப் பக்கத்தில், தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு. அதன் மேல் புதுத் தழும்பு.

கதவில் மாட்டியிருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். மெதுவாகப் பட்டனைப் போட்டார்.

"ஹெர்னியா இல்ல" என்றார்.

"என்ன சார் இப்பிடிப் பண்ணிட்டீங்க? அந்தப் போர்ட எத்தன பேருக்குப் படிச்சிக் காட்டிருக்கீங்க!"

"யாருட்டயும் சொல்லாத, கனி. தெரிஞ்சா அன்ஃபிட்டுன்னு வீட்டுக்கு அனுப்பிருவானுவ. எம் மக பிலோமி நர்ஸ் படிப்ப முடிக்கணும்ளா. ரெண்டு வருசந்தான். நான் தள்ளியே நின்னுக்கிடுவேன்."

"இப்ப தள்ளியா நின்னீங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அங்கன இல்லாம நான் எங்க ஏளா போவேன்?" என்றார்.

"நாளைக்கு உள்ள போறதுக்கு முந்தி நீங்களே மேனேஜர்ட்ட சொல்லிருங்க சார். நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றேன்.

"சொல்லுதேன்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனதும், அவர் சொல்லிவிடுவார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மறுநாள் காலை ஷிஃப்டுக்கு எல்லோரும் வாசலில் கூடி வாட்சும் சாவியும் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தோம். சார் வந்தார். பூட்ஸ், ஹெல்மெட், கையுறை எல்லாம் போட்டிருந்தார். பட்டன் கழுத்துவரை போட்டிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கோட்டை நோக்கி நடந்தார்.

நான் கதவுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"வழிய விடு, கனி."

"மேனேஜர்ட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லுவேன். வழிய விடு."

கிளாட்வினுக்கு ஒன்றும் தெரியாது. விளையாட்டு என்று நினைத்து, "என்னக்கா, காலங்காத்தால மறியலா?" என்று சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள்.

நான் தணிந்த குரலில்தான் கேட்டேன். "திரும்பிப் போங்க சார். என்னச் சொல்ல வைக்காதீங்க."

அவர் முகம் சிவந்தது. அத்தனை பேர் முன்னால் ஒரு பெண்பிள்ளை மறித்தால் எந்த மனிதருக்குத்தான் பொறுக்கும்? "நீ யாரு ஏளா என்ன நிறுத்த? இது நான் கட்டுன செல் ஹவுஸ். நான் சொல்லித்தான் உனக்கு ஆனோடு எது, கேத்தோடு எதுன்னு தெரியும். தள்ளு."

அவர் கை என் தோளில் பட்டது. என்னை ஒதுக்கிவிட்டுப் போகிற வேகம் அதில் இருந்தது. அப்போதுதான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, உரக்கச் சொன்னேன்.

"சாருக்கு நெஞ்சுல கருவி வச்சிருக்கு. உள்ள விடப்பிடாது."

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. உள்ளே செல் வரிசையின் இரைச்சல் மட்டும் கேட்டது. சார் என் தோளிலிருந்து கையை எடுத்தார். என்னைத் தாண்டி உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி மரப்பெட்டியின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். யாரும் கூடப் போகவில்லை. போக எங்களுக்குத் துணிச்சல் இல்லை.

அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று சொன்னவர்கள் உண்டு. கிளாட்வினே கேட்டான். "தனியாக் கூப்பிட்டுச் சொல்லிருக்கலாம்லாக்கா?" முந்தின நாள் தனியாகத்தான் சொன்னேன், அதற்கு மறுநாள்தான் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார் என்றேன். இன்றைக்கு அதே வாசலில் அவர் வந்து நின்றாலும் நிறுத்துவேன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதற்காக வருத்தம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சரியானதைச் செய்துவிட்டு அழக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

அவர் பயந்த மாதிரி வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆலை டாக்டர் பார்த்துவிட்டு, செல் ஹவுஸ் மட்டும் கூடாது, மின்சாரம் நிறுத்தியிருக்கும் நாளில் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். எதிர்க் கட்டடத்தில் இருந்த கன்ட்ரோல் ரூமில் நாற்காலி போட்டார்கள். முன்னால் மீட்டர்கள், கையில் போன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் செல் ஹவுஸ் கதவு தெரியும். அந்த ஜன்னல் பக்கம்தான் உட்காருவார்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். கேன்டீனில் நான் உட்கார்ந்தால் எழுந்து போவார். கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் வீட்டுப் பலகாரம் கொண்டுவருவார், என் மேஜைக்கு மட்டும் வராது. ஆனால் வேலை இருக்கிறதே. உள்ளே அளவு எடுக்கிறவள் நான், வெளியே கேட்கிறவர் அவர். ஒவ்வொரு செல்லிலிருந்தும் திரவம் வெளியேறுகிற ஹோஸ் குழாய்களில் அதன் நிறமும் நுரையும் வெளியே தெரியும். உள்ளே சுவரில் மாட்டிய, நீளக் கம்பி வைத்த போன் அடிக்கும். எடுத்தால் கனி என்றோ ஏளா என்றோ ஒரு சொல் இருக்காது.

"ஆனோடு பக்கம்."

"வெளிர் மஞ்சள், சரியா இருக்கு சார்."

"கேத்தோடு பக்கம்."

"நுரை ஒழுங்கா வருது சார்."

"கேஸ்கட்."

"ஈரம் இல்ல சார்."

வைத்துவிடுவார். இரண்டு வருடம் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த பேச்சு இவ்வளவுதான். காலையில் போன் அடித்தால் நெஞ்சு துள்ளும், ‘கனி’ என்று இன்றைக்காவது கூப்பிட்டுவிடுவார் என்று. ஒரு தடவை நான் வேண்டுமென்றே, "சார், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "டை ராடு" என்றார். டை ராடு இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு அழுதேன்.

அந்தக் காலத்தில் ஒரு சிக்கலான நாள் வந்தது. முந்தின ராத்திரி மின்சாரம் விட்டுவிட்டு வந்ததில் அழுத்தம் ஏறி இறங்கியிருந்தது. காலையில் போன் அடித்தது. அவர் முன்னால் இருந்த மீட்டரில் ஒரு செல்லின் வோல்ட்டேஜ் மட்டும் மற்றவற்றைவிட இறங்கியிருந்தது. செல் நம்பரைச் சொன்னார். நான் போய் நின்றேன். கேத்தோடு பக்கத்து ஹோஸைக் கேட்டார், நுரை சரி என்றேன். ஆனோடு பக்கத்து ஹோஸைக் கேட்டார். பக்கத்துச் செல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மஞ்சளின் நிறம் மாறியிருந்தது. சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். ஆமா சார் என்றேன்.

"மெம்பரேன்" என்றார். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது, இனி ஓட்டக் கூடாது. அவரே மேனேஜரிடம் பேசிக் கரண்டை இறக்கச் சொன்னார். உற்பத்தி போகிறது, ஷிஃப்ட் முடியட்டும் என்று மேனேஜர் இழுத்ததையும், அவர் என் போனை வைக்காமலே பேசியதால் நான் கேட்டேன். "உள்ள என் ஆள்க நிக்கிறாவ" என்று சார் சொன்னார். மேனேஜர் அதற்குமேல் இழுக்கவில்லை. என் ஆட்கள் என்று சொன்னாரே, அதில் நானும் உண்டுதானே என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

கரண்டை இறக்கினோம். நைட்ரஜன் விட்டு ஹைட்ரஜனை வெளியேற்றினோம். செல்களுக்கு மின்சாரம் தருகிற ரெக்டிஃபையரை யாரும் போடாதபடி பூட்டினோம். இரைச்சல் அடங்கியதும் கிளாட்வின் போன் செய்தான். "சார், கரண்டு இல்ல. இப்ப நீங்க வரலாம்."

வந்தார். வாட்சைக் கழற்றிப் பெட்டியில் போட்டார். அன்று அது தேவையே இல்லை. கோட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். கதவுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் ஒதுங்குகிறேனா என்று பார்த்தார். நான் ஒதுங்கினேன். உள்ளே போனார்.

டை ராடுகளைத் தளர்த்தி, சட்டங்களைப் பிரித்து, அந்த மெம்பரேனை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தோம். ஒரு ஓரத்தில் ஊசி குத்திய மாதிரி வெளிச்சம் வந்தது. சார் அதைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு மெதுவாக வரிசை நெடுகிலும் நடந்தார். ஒவ்வொரு சட்டத்தின் மேலும் உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்தார். ஓடுகிற செல்லில் கை வைத்தால் ஒரு சூடும் அதிர்வும் இருக்கும். அன்று எல்லாம் ஆறிக் கிடந்தன. செத்துக் கிடக்கும்போது மட்டும்தான் அவரால் அவற்றைத் தொட முடியும் என்று ஆக்கிவிட்டேனே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. புது மெம்பரேன் போட்டு இறுக்கி முடிக்கும் வரை கூடவே நின்றார். கரண்டு விடப் போகிறோம் என்றதும் யாரும் சொல்லாமலே வெளியே போய்விட்டார்.

ரிட்டயர்மெண்ட் நாளில் மாலை போட்டார்கள். அவர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி நன்றி சொன்னார். கேன்டீன்காரர் பெயரைச் சொன்னார், வாட்ச்மேன் பெயரைச் சொன்னார். என் பெயர் வரவில்லை. கிளாட்வின் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் கையை உதறிவிட்டேன், எனக்கு யார் பரிதாபமும் வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஒரு தடவை வீட்டுக்குப் போகலாம் என்று கருப்பட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனேன். கதவைத் திறந்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றால் என்ன செய்வது என்று திரும்பி வந்துவிட்டேன். நானும் ரிட்டயர் ஆனேன். போன வருடம் கிளாட்வின் போன் செய்து, "அக்கா, சார் போயிட்டாவ" என்றான்.

போனேன். கடற்கரைத் தெருவில் அவர் வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். பெட்டிக்குள் வெள்ளைச் சட்டை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மேல் பட்டன் திறந்திருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாராம். அவர் மகள் பிலோமி தலைமாட்டில் நின்றாள். நர்ஸாக வேலை பார்க்கிறாள், இரண்டு பிள்ளைகள். நான் யார் என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியும். கனி அக்காதான?" என்றாள்.

நான் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பார்வையைக் கவனித்துவிட்டுச் சொன்னாள். "கருவி இன்னும் அடிச்சிக்கிட்டுதான் இருக்கும்க்கா. பேட்டரி தீர்ற வர அடிக்கும். நெஞ்சுதான் கேக்காது." அதிலிருந்து போகிற ஒயரின் நுனி, நெஞ்சைத் தொடுகிற இடம், அதற்கும் டாக்டர்கள் கேத்தோடு என்றுதான் பெயர் சொல்கிறார்களாம். அதைப் படித்த அன்று அப்பாவிடம் சொன்னாளாம். அவர் சிரித்தாராம்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. செத்த வீட்டில் கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன். "அப்பா என்னப் பத்தி எப்பவாது பேசுவாவளாம்மா?"

அவள் நல்ல பிள்ளை. எனக்காகப் பொய் சொல்லவில்லை. "பேசுவாவ. கோவமாத்தான் பேசுவாவ. நாலு பேர் முன்னால என்ன வாசல்ல நிறுத்திட்டாளேம்பாவ. நாங்க எவ்வளவோ சொல்லிப் பாத்தோம். கடைசி வர அந்தக் கோவம் போகல."

நான் தலையாட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா என் கல்யாணத்துல அப்பாதான் கையப் பிடிச்சிக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போனாவ. என் ரெண்டு பிள்ளையளயும் தோள்ல போட்டு வளத்தாவ. நான் நர்சுக்கா. அந்தக் காந்தத்துக்குள்ள தெனம் போயிட்டு வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியும்."

பாதிரியார் வந்து செபம் சொல்லி முடித்ததும் பெட்டியைத் தூக்கினார்கள். கல்லறை வரை பின்னால் நடந்தேன். மண் போடும்போது கூட்டத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு பிடி போட்டேன்.

என்மேல் கோபமாக இருப்பதற்கு அவர் அத்தனை வருடம் உயிரோடு இருந்தாரே, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் திரும்பி வர பஸ் ஏறினேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். போதவில்லை.